ஆறு இலக்கமும் ஓர் அமானிதமும்

எங்கள் தெருவில் அபாயா தைத்துப் பிழைக்கும் ஒரு ராத்தா இருக்கிறார். கணவர் மௌத்தாகிப் பத்து வருடம். புதிய தையல் மெஷின் ஒன்று வாங்கியதும் பழையதை விற்கலாம் என்று மகளின் பேஸ்புக்கில் படம் போட்டார். அன்று அஸருக்குப் பிறகு ஒருவன் கோல் எடுத்தான். ஸலாத்தோடு தொடங்கினான். விலை குறைத்துக் கேட்கவே இல்லை. "காச இப்பவே போட்டுர்றன் ராத்தா. கார்டுட ரெண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்க, ஐடி நம்பரையும் சொல்லுங்க. போனுக்கு ஒரு நம்பர் வரும். அதச் சொன்னாத்தான் காசு உங்கட எக்கவுண்டுக்குள்ள வரும்" என்றான்.

ராத்தா சொன்னார். மஃரிபுக்கு முன்னால் கணக்கிலிருந்த இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாவும் வெளியே போய்விட்டது. மகளின் கலியாணத்துக்காகச் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு.

இரவு பத்து மணிக்குத்தான் என்னிடம் வந்தார். "நான் யாருக்கும் திறப்பக் குடுக்கல்லயே டீச்சர். ஒரு நம்பரத்தானே சொன்னன்" என்று அழுதார்.

அந்த நம்பர்தான் திறப்பு. அது எப்படித் திறப்பாகிறது என்பதை நம்மில் பலருக்கு யாரும் விளங்கப்படுத்தவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நமது கணக்கிலிருந்து காசை எடுக்கவோ, நமது பெயரில் வங்கிச் செயலியைப் பதியவோ யாராவது முயலும்போது, 'இதைச் செய்வது நீங்கள்தானா?' என்று வங்கி நம்மிடம் கேட்கிறது. அந்தக் கேள்விதான் ஓ.டி.பி. என்ற ஒருமுறைக் கடவுச்சொல். சில நிமிடங்களே உயிரோடிருக்கும் சின்ன எண். அதை இன்னொருவருக்குச் சொல்வது, 'ஆம், நான்தான்' என்று அவருக்காக நாம் கையெழுத்து வைப்பதற்குச் சமன். ராத்தாவின் கார்டு விபரமும் ஐடி இலக்கமும் கையில் இருந்ததால், அவன் தன் போனில் அவர் பெயரில் செயலியைப் பதிந்துகொண்டான். மிச்சத்தை ராத்தாவின் ஆறு இலக்கம் செய்து கொடுத்தது.

ஒன்றை மனதில் வையுங்கள். நமக்கு ஒருவர் காசு அனுப்ப வேண்டுமென்றால் நமது பெயர், கணக்கிலக்கம், வங்கி, கிளை ஆகியவை போதும். காசு வாங்குவதற்கு ஓ.டி.பி. தேவையில்லை. கார்டின் பின்னாலுள்ள மூன்று இலக்கம் தேவையில்லை. கியூஆர் குறியை நாம் ஸ்கேன் பண்ணத் தேவையுமில்லை. அது காசு கொடுப்பவர் செய்கிற வேலை.

மொழி படிப்பிக்கிறவள் என்ற வகையில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. ராத்தாவின் போனை வாங்கி அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்தேன். எதற்கான இலக்கம் என்பதும், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்பதும் அதிலேயே இருந்தன, ஆங்கிலத்தில். ராத்தாவுக்கு இலக்கத்தை மட்டும்தான் வாசிக்கத் தெரிந்தது. ஆங்கிலம் தெரிந்தவர்களும் அவசரத்தில் இலக்கத்தை வாசித்து, வசனத்தை விட்டுவிடுகிறோம். வீட்டில் உம்மா வாப்பாவின் போனை எடுத்து, இப்படியான செய்தி ஒன்றைக் காட்டி, ஒவ்வொரு சொல்லையும் தமிழில் விளங்கப்படுத்துங்கள். பத்து நிமிட வேலை.

மோசடிக்காரர்களின் வேஷங்கள் பல. 'ஸூம் வகுப்பில் சேர உங்களுக்கு ஒரு கோட் வரும், அனுப்புங்கள்' என்று தெரிந்தவரின் வட்ஸ்அப்பிலிருந்தே செய்தி வரும். கொடுத்தால் நமது வட்ஸ்அப் அவன் கைக்குப் போய்விடும். பிறகு நமது பெயரில் நமது சொந்தக்காரரிடமே 'அவசரமாக ஐம்பதாயிரம் போடு மச்சான்' என்று கேட்பான். அப்படிச் செய்தி வந்தால், காசு போடுமுன் கோல் எடுத்து அவருடைய குரலைக் கேளுங்கள். 'பார்சல் வந்திருக்கிறது, கட்டணம் செலுத்துங்கள்' என்று ஒரு லிங்க் வரும். வங்கி மெனேஜர் என்று ஒருவர் பேசுவார். ரமழான் வந்தால் ஸகாத் உதவி, உலர் உணவுப் பொதி என்று படிவம் நிரப்பக் கேட்பார்கள். எல்லாவற்றிலும் இரண்டு விடயம் பொது: நம்பிக்கையூட்டும் பேச்சு, யோசிக்க விடாத அவசரம். ஸலாம் சொன்னால் பதில் சொல்வது நம் கடமை. இரகசிய இலக்கம் சொல்வது கடமையல்ல.

போன காசு ஏன் திரும்புவதில்லை? 2015இல் அறிமுகமான சீப்ட்ஸ் முறையால் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குச் செக்கன்களில் காசு போகிறது. நமக்கு அது பெரிய வசதி. திருடனுக்கும் அதே வசதி. காசு போய்ச்சேரும் கணக்கும் பெரும்பாலும் அவனுடையதாக இராது. 'உங்கட எக்கவுண்டுக்குக் கொஞ்சம் காசு வரும், எடுத்துத் தந்தா கொமிஷன் தாறன்' என்று வேலையில்லாத இளைஞர்களிடம் கேட்பார்கள். உயர்தரம் முடித்துவிட்டு நிற்கும் நம் பிள்ளைகள் இதில் விழுகிறார்கள். கணக்கை இரவல் கொடுப்பது சின்ன உதவியல்ல. கணினிக் குற்றங்களுக்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டமும், பணம் தூயதாக்கலுக்கு 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் இருக்கின்றன. பொலிஸ் முதலில் தேடி வருவது அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத்தான். அந்தக் கொமிஷன் ஹலாலா என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஏமாந்துவிட்டால் செய்ய வேண்டியவை:

முதலில், கார்டின் பின்னாலுள்ள வங்கி இலக்கத்துக்கு அழைத்துக் கார்டையும் இணைய வங்கிச் சேவையையும் நிறுத்தச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள். காசு போன வங்கிக்கும் உடனே அறிவிக்கும்படி கேளுங்கள்.

வந்த செய்திகளை அழிக்க வேண்டாம், அவைதான் சாட்சி. அவற்றோடு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கும் அறிவிக்கலாம். வங்கியின் பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கம் இருக்கிறது.

ஏமாறாதிருக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சேமிப்பை ஒரு கணக்கிலும், அன்றாடச் செலவுக்கான காசைக் கார்டுள்ள இன்னொரு கணக்கிலும் வையுங்கள். நாளொன்றுக்கு அனுப்பக்கூடிய தொகையின் எல்லையைக் குறைத்து வையுங்கள். வங்கியில் கேட்டால் செய்து தருவார்கள்.

ராத்தாவின் காசில் முப்பத்தையாயிரம் மட்டும் மறுகணக்கில் எஞ்சியிருந்ததால் அதை முடக்கி வைத்தார்கள். "மஃரிபுக்கே தெரிஞ்சிரிச்சே, ஏன் ராத்தா அப்பவே வரல்ல?" என்று கேட்டேன். "வெக்கமாக் கிடந்திச்சி டீச்சர். படிக்காதவள் ஏமாந்துட்டாள் எண்டு சொல்லுவாங்களே" என்றார்.

அந்த மூன்று நான்கு மணித்தியாலத்தில்தான் மிச்சக் காசும் போனது. ஏமாற்றுகிறவனுக்கு இல்லாத வெட்கம் ஏமாந்தவருக்கு எதற்கு? பட்டம் பெற்றவர்களும் வியாபாரிகளும் ஏமாந்திருக்கிறார்கள். இனி உங்கள் வீட்டில் யாராவது இப்படி வந்து நின்றால், 'உனக்குப் புத்தியில்லையா' என்று கேட்க வேண்டாம். முதலில் வங்கிக்குக் கோல் எடுங்கள்.

அமானிதம் என்றால் பிறர் நம்மிடம் தந்த பொருள் என்றே நினைக்கிறோம். பிள்ளையின் கலியாணத்துக்குச் சேர்த்த காசும் அமானிதம்தான். போனில் வரும் ஆறு இலக்கத்தையும் அப்படியே பார்ப்போம்.