டிரைவர் இல்லாத காரில் ஏறுவீங்களா? அமெரிக்காவில் 100-க்கு 61 பேருக்கு 'திக் திக்'

செல்போனில் கூப்பிட்டால் டாக்சி வந்து நிற்கிறது. ஏறி உட்கார்ந்து பார்த்தால் டிரைவர் சீட் காலி! ஸ்டீரிங் தானாக திரும்புகிறது. பேய் படம் இல்லீங்க. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ, பீனிக்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களில் தினமும் நடக்கும் காட்சி.

ஆனால் இந்த காரை நம்பி ஏற ஜனங்கள் தயாரா? இதுபற்றிய விவரம் வருமாறு:-

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ., ஆண்டுதோறும் கார் ஓட்டுபவர்களிடம் கருத்து கேட்கிறது. 'பயமா இருக்கு' என்றவர்கள் 2023-ல் 100-க்கு 68 பேர். 2024-ல் 66, 2025-ல் 61 என குறைந்துள்ளது. ஆனால் 2025-ல் கூட 'நம்பி ஏறுவேன்' என்றவர்கள் 13 பேர்தான்.

கண்ணுக்கு பதில் கேமரா

இந்த காரில் சுற்றிலும் கேமரா, ரேடார், லேசர் கருவி உண்டு. எதிரே வருவது ஆளா, வண்டியா என்று கம்ப்யூட்டர் கணக்கு போட்டு பிரேக் போடும். தூக்கம் வராது, குடிக்காது, செல்போன் பேசாது.

அப்புறம் ஏன் பயம்?

2023 அக்டோபர் 2-ந்தேதி சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பெண் மீது வேறொரு கார் மோதியது. அவர் தூக்கி வீசப்பட்டு, டிரைவர் இல்லாத 'குரூஸ்' காரின் முன்னால் விழுந்தார். அந்த கார் அவர் மீது மோதி நின்றது. பிறகு ஓரம்கட்டுவதாக நினைத்து, அடியில் சிக்கிய பெண்ணை சுமார் 20 அடி தூரம் இழுத்துச்சென்றது. மனிதன் என்றால் இறங்கி பார்த்திருப்பான்.

இழுத்துச்சென்ற விஷயத்தை கம்பெனி முழுசாக சொல்லவில்லை என்று புகார் கிளம்பியது. லைசென்சு நிறுத்தி வைக்கப்பட்டது. 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்சி திட்டத்தையே கைவிட்டது.

அதே ஊரில் 'வேமோ' டாக்சி 2024 ஜூனில் எல்லோருக்கும் திறந்து விடப்பட்டது. 2025 ஏப்ரலில் அந்த கம்பெனியின் சவாரி எல்லா ஊரிலும் சேர்த்து வாரத்துக்கு 2½ லட்சத்தை தாண்டியது. கண்ணால பார்த்து, ஏறி பழகினால் பயம் தெளியுது. மூடி மறைத்தால் நம்பிக்கை போயிடுது.

டெல்லியில் பழகியாச்சு

நம் நாட்டிலும் டெல்லி மெட்ரோவில் டிரைவர் இல்லாத ரெயில் சேவை 2020 டிசம்பர் 28-ந்தேதி தொடங்கியது. அதில் ஜனங்கள் சர்வசாதாரணமாக போகிறார்கள். காரணம், தண்டவாளம் தனி. குறுக்கே மாடு, ஆட்டோ, தள்ளுவண்டி வராது. ரோட்டில் அப்படியா?

டிரைவர் பிழைப்பு

இன்னொரு கேள்வி வயிறு சம்பந்தப்பட்டது. டிரைவர் இல்லாத கார் வந்தால் லட்சக்கணக்கான டிரைவர்கள் வேலை போய்விடும், அதனால் இந்தியாவில் அனுமதிக்க மாட்டேன் என்று மத்திய மந்திரி நிதின் கட்காரி 2017-லும், 2023 டிசம்பரிலும் கூறினார்.

ஆக, கார் தானாக ஓடுமா என்பது இப்போது கேள்வியே இல்லை. விபத்து நடந்தால் பதில் சொல்வது யாரு, ஸ்டீரிங்கை நம்பி வாழும் குடும்பத்துக்கு வழி என்ன? இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்கும்வரை ஜனங்கள் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டுதான் ஏறுவார்கள்.