நத்தார் என்னும் சொல்லும் பெருநாளும்

கிறிஸ்து பிறப்புப் பெருநாளைத் தமிழகத்தார் கிறிஸ்துமஸ் என்பர். யாழ்ப்பாணத்தில் அதற்கு நத்தார் என்பதே பெயர். ஊரார், உற்றார் என்பன போல ஒலிப்பதால், “நத்தார் எண்டா ஆர் சேர்?” என்று கேட்கும் மாணவர் உண்டு. நல்ல கேள்விதான். தமிழாசிரியன் என்ற முறையில் அதற்கு விடை கூற நான் கடமைப்பட்டவன்.

பிறப்புக்குரியது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழியாகப் போர்த்துக்கேய மொழியில் இப்பெருநாள் ‘நத்தால்’ எனப்பட்டது. அதுவே நம் நாவில் நத்தார் ஆயிற்று. மேசை, கதிரை, சப்பாத்து, பாண் என்பனவும் அவ்வழி வந்தவையே. ‘அர்மாரியோ’ அலுமாரி ஆனபோது ரகரம் லகரமாயிற்று; நத்தாரிலோ லகரம் ரகரமாயிற்று.

இனி, நாளைப் பற்றி நோக்குவோம். இயேசு பிறந்த திகதியை நற்செய்தி நூல்கள் குறிப்பிடவில்லை. டிசெம்பர் 25 ஐக் குறிக்கும் பழைய சான்று, உரோமையில் 354 ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஒரு காலக்குறிப்பில் உள்ளது. உரோமரின் சூரிய விழாவை ஒட்டி இந்நாள் அமைந்தது என்பர் சிலர். மரியாள் கருவுற்றதாகக் கொள்ளப்பட்ட மார்ச் 25 இலிருந்து ஒன்பது மாதம் எண்ணிக் கொண்டனர் என்பர் வேறு சிலர். ஆர்மீனியத் திருச்சபையார் இன்றும் ஜனவரி 6 ஆம் திகதியையே கொள்கின்றனர்.

இச்சொல் நம்மிடம் வந்த வழி இனிமையானதன்று. 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அதன்பின் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. இதனை மறைத்துப் பேசவேண்டியதில்லை. ஆயினும் நல்லூரின் கதை அத்துடன் முடியவில்லை. 1818 இல் யோசப் நைற் பாதிரியார் இங்கு வந்து ஆங்கிலத் திருச்சபைப் பணியைத் தொடங்கினார். 1823 இல் நல்லூரில் ஆரம்பித்த ஆங்கிலப் பாடசாலையே இன்றைய பரியோவான் கல்லூரி. அதே நல்லூரில் 1822 இல் பிறந்த ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். பிறர் நூலை ஆழக் கற்றமையால் அவருடைய சைவம் தளர்ந்துவிடவில்லை. அதனைக் காக்கும் வாதங்களுக்கும் அக்கல்வி உதவிற்று. “பள்ளிக்கூடத்தில் ஒளிவிழா எதற்கு?” என்று வினவும் பெற்றோருக்கு நான் எடுத்துக் காட்டுவது நாவலரைத்தான்.

இன்றைய கொண்டாட்டத்தின் கூறுகள் பல காலத்தன. 1223 இல் இத்தாலியின் கிரெச்சியோ என்னும் ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த காட்சியே பாலன் குடிலுக்கு முன்மாதிரி என்பர். நத்தார் வாழ்த்துமடல் இலண்டனில் 1843 இல் அச்சாயிற்று. கரோல் குழுவினர் பாடும் ‘சைலன்ற் நைற்’ பாடல் 1818 இல், நைற் பாதிரியார் நல்லூருக்கு வந்த அதே ஆண்டில், ஒஸ்திரியச் சிற்றூரொன்றில் முதன்முதல் பாடப்பட்டது. நத்தார் பாப்பாவின் மூலவரான புனித நிக்கலஸ், இன்றைய துருக்கியிலுள்ள மீரா நகரின் ஆயர். இவற்றையெல்லாம் நம்மவர் தமக்கேற்ப ஆக்கிக்கொண்டனர். பனிநாட்டு மரத்துக்குச் சவுக்கங்கிளை நின்றது. கேக்குடன் பயற்றம் பணியாரமும் முறுக்கும் தட்டில் ஏறின. விடியற்காலையில் திருவெம்பாவைச் சங்கொலியும் இரவில் கரோல் பாட்டும் கேட்கும் மாதம் நம் மார்கழி.

அலங்காரங்கள் அனைத்தையும் நீக்கினால் எஞ்சுவது ஓர் எளிய கதை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தோம். அவ்வாண்டு நத்தார் தென்மராட்சியின் பாடசாலைக் கட்டடங்களிலும் பிறர் வீட்டு விறாந்தைகளிலும் வந்தது. தங்க இடமின்றி மாட்டுக்கொட்டிலில் பிள்ளையைக் கிடத்திய தாயின் கதை, அன்று பதின்ம வயதினனாயிருந்த எனக்கு வேற்றுச் சமயத்துக் கதையாகப் படவில்லை. எங்கள் ஊர்க் கதையாகவே பட்டது.

ஒரு சொல் எவ்வழி வந்தது என்பதை அறிவது கல்வி. வந்த சொல்லை இன்று எத்தகைய மனத்தோடு வழங்குகிறோம் என்பது பண்பு. நத்தாருக்கு அயல்வீட்டிலிருந்து வரும் பலகாரத் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் நம் ஊரில் இல்லை.