பதிப்புதோறும் ஒரு முகவரி

பைத்தான் மொழியில் ஏழை இரண்டால் வகுத்தால் விடை யாது? இரண்டாம் தலைமுறைப் பைத்தான் மூன்று என்னும்; 2008 திசம்பரில் வெளிவந்த மூன்றாம் தலைமுறையோ மூன்றரை என்னும். வகுத்தற்குறி ஒன்றே, விடை வேறு. பழைய பைத்தானை இயக்குபவர் புதிய கையேட்டைப் படித்து நிரல் எழுதினால் பிழைச்செய்தி ஏதும் எழாது. கணக்கு மட்டும் தவறிப்போகும். ஆகவே மென்பொருளுக்கு ஒரு கையேடு இருந்தால் போதாது. தம்மிடமுள்ள பதிப்பிற்குரிய கையேடே படிப்பவர்க்குக் கிட்டவேண்டும்.

இத்தேவையை நிறைவேற்றும் இணையத் தளங்களுள் முன்னோடி 'ரீட் த டாக்ஸ்'. 2010ஆம் ஆண்டு 'ஜாங்கோ டேஷ்' என்னும் 48 மணிநேர நிரலாக்கப் போட்டியில் எரிக் ஹோல்ஷர், சார்லஸ் லைஃபர், பாபி கிரேஸ் ஆகிய மூவர் இதனை உருவாக்கினர்.

கையேட்டின் மூலவுரை நிரலோடு 'கிட்' என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் ஒரே களஞ்சியத்தில் வாழ்கிறது என்பதே இம்முறையின் அடித்தளம். ஆசிரியர் ஒரு திருத்தத்தைக் களஞ்சியத்தில் சேர்த்தவுடன் தளத்திற்கு அறிவிப்பு செல்லும். தளம் மூலவுரையைப் படியெடுத்து, பிற பணிகளினின்று பிரித்து வைத்த கலனுக்குள் 'ஸ்பிங்ஸ்' போன்ற கருவியைக் கொண்டு வலைப்பக்கங்களாக ஆக்கி வெளியிடும். ஸ்பிங்ஸ், பைத்தானின் சொந்தக் கையேட்டிற்காகவே கியோர்க் பிராண்டில் படைத்த கருவி.

களஞ்சியத்தின் ஒவ்வொரு கிளையும், வெளியீட்டின்போது இடப்படும் ஒவ்வொரு பதிப்புக்குறியும் தனிக் கையேடாக மலரலாம். முதன்மைக் கிளையிலிருந்து பிறப்பது 'லேட்டஸ்ட்'. முன்னோட்டங்களை விலக்கி, எஞ்சிய குறிகளுள் மிக உயர்ந்த எண்ணுடையது 'ஸ்டேபிள்'. இவ்வெண்களைப் பதின்மமாகக் கருதலாகாது: 1.10 என்பது 1.9-க்குப் பின் வருவது. முகவரியிலும் மொழி, பதிப்பு, பக்கம் என்ற வரிசை உண்டு. ஆதலால் பழம் பதிப்பின் பக்கத்தைச் சுட்டிய இணைப்பு, புதுப் பதிப்பு வந்தபின்னும் அதே பக்கத்தையே காட்டும்.

பழம் பதிப்புகளைக் களைந்தெறியும் ஆர்வம் பலர்க்கு உண்டு. அது படிப்பவர்க்கு இழைக்கும் தீங்கு என்றே கருதுகிறேன். ஒரு பதிப்பைச் செயலிழக்கச் செய்தால் அதன் பக்கங்கள் நீங்கும். அதனைச் சுட்டிய இணைப்புகள் அனைத்தும் முறியும். மறைத்து வைத்தாலோ பட்டியலினின்று அகலும், முகவரி வாழும். 2020 சனவரி முதல் நாளோடு பைத்தான் இரண்டாம் தலைமுறையின் பேணுகை முடிவுற்றது, எனினும் 2.7-இன் கையேட்டைப் பைத்தான் தளம் இன்றும் வழங்குகிறது. அந்நிரல்களைப் பேணுவோர் இன்னும் உளர் அல்லவா?

தேடுபொறி பழம் பக்கத்திற்கே அழைத்துச் செல்வதும் உண்டு. அதற்கு மருந்து அழித்தலன்று. இது பழம் பதிப்பு என்னும் அறிவிப்பைப் பக்கத்தின் தலையில் இடலாம். முதன்மைப் பக்கம் எது என்பதைத் தேடுபொறிக்கு உணர்த்தும் குறிப்பையும் சேர்க்கலாம்.

பழம் பதிப்புகளைப் பேணுவதில் அவற்றின் மறுவாக்கம்தான் கடினமானது. ஸ்பிங்ஸும் அதன் துணைநிரல்களும் மாறிக்கொண்டே இருப்பதால், இன்று செம்மையாக உருவாகும் கையேடு சில ஆண்டுகள் கழித்து உருவாகாமற் போகலாம். 2023இல் ரீட் த டாக்ஸ், கையேட்டை ஆக்கும் முறையைக் குறிக்கும் அமைவுக் கோப்பைக் கட்டாயமாக்கியபோது, அக்கோப்பு இல்லாத பழங்குறிகளை அவ்வாறே மறுவாக்கம் செய்ய இயலாதாயிற்று. ஆதலால் அமைவுக் கோப்பையும் துணைநிரல்களின் துல்லியப் பதிப்பெண்களையும் குறி இடுவதற்கு முன்னரே களஞ்சியத்தில் சேர்த்துவிடவேண்டும். குறி இட்டபின் சேர்ப்பவை அப்பதிப்பைச் சென்றடையா.