முதுமையும் மறுகுற்ற அபாயமும்

பாலியல் குற்றத்திற்காகத் தண்டனை அனுபவித்துத் திரும்பும் முதியவர் ஒருவரைக் குறித்து, 'இந்த வயதில் இனி அவரால் யாருக்கு என்ன தீங்கு?' என்று சபையார் கேட்பதுண்டு. வேலூர்த் தொரப்பாடி மத்திய சிறையிலிருந்து விடுதலையாகும் ஒருவர் ஆரணிப் பேருந்தில் ஏறினால் கண்ணமங்கலத்தில் இறங்கிவிடலாம். சவ்வாது மலைப் பக்கத்துச் சிற்றூர்களில் பணியாற்றும் ஆயருக்கு இது ஏட்டளவிலான கேள்வியன்று. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்திற்கு 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், குழந்தைகள்மீதான மிகக் கொடிய வகைப் பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்த அளவுத் தண்டனையையே 20 ஆண்டுகளாக்கியது. நாற்பத்தைந்தில் சிறை புகுந்தவர் முதியவராகவே வெளிவருவார்.

சபையாரின் கேள்வியில் உண்மை இல்லாமலில்லை. கனடா நாட்டு உளவியலார் கார்ல் ஹான்சன், இத்தகைய குற்றவாளிகள் 4,673 பேரைப் பற்றிய ஆய்வை 2002-இல் வெளியிட்டார். வயது ஏற ஏற மறுகுற்றம் பொதுவாகக் குறைவதை அது காட்டியது. ஆனால் எல்லாரிடமும் ஒரே வகையாக அன்று. வயதுவந்த பெண்களை வன்புணர்ந்தோரிடம் அது சீராகக் குறைந்தது. அயலார் பிள்ளைகளைக் கெடுத்தோரிடமோ ஐம்பது வயதுவரை பெரிதாகக் குறையவில்லை. ஆகவே, 'என்ன வயது?' என்று கேட்குமுன் 'என்ன குற்றம்?' என்று கேட்டாக வேண்டும்.

மேனாட்டுச் சிறைத்துறைகள் பயன்படுத்தும் 'ஸ்டாட்டிக்-99ஆர்' என்னும் அளவுகோலில் பத்துக் கூறுகள் உள்ளன. விடுதலையாகும்போது முப்பத்தைந்துக்குக் குறைந்த வயதினருக்கு ஒரு புள்ளி கூட்டப்படும். நாற்பதுக்குமேல் ஒன்று கழிக்கப்படும். அறுபதை எட்டியவருக்கு மூன்று கழிக்கப்படும். முந்தைய பாலியல் குற்றங்களுக்கு அளிக்கப்படும் உச்ச அளவும் மூன்றே. அதாவது நரைத்த தலை, முன்குற்றப் பட்டியல் முழுவதையும் கணக்கில் ஈடுசெய்துவிடுகிறது! கணக்கு என்ற அளவில் இது பிழையன்று. எனினும் இது கூட்டத்தாரின் சராசரியேயன்றி நம்முன் நிற்கும் ஒருவரைப் பற்றிய சான்றிதழன்று. மேலும், இத்தகைய ஆய்வுகள் மீண்டும் பிடிபட்டோரையே எண்ணுகின்றன; பிள்ளை வாய் திறவாத குற்றம் கணக்கில் ஏறுவதில்லை.

முதுமை எதனால் அபாயத்தைக் குறைக்கிறது? உடல் தளர்கிறது, இச்சை தணிகிறது, வாய்ப்பும் குறைகிறது என்பர். இம்மூன்றாவது காரணம் நம் ஊர்களுக்குப் பொருந்துமோ என்பதே நமது ஐயம். பெற்றோர் கழனிக்கோ வேலைக்கோ சென்றபின் பிள்ளைகள் யார் பொறுப்பில் இருக்கிறார்கள்? திண்ணையில் அமர்ந்திருக்கும் தாத்தாவின் பொறுப்பில் அல்லவா? வயது அவருக்கு வாய்ப்பைப் பெருக்குகிறது. மரியாதை அவரை ஐயத்துக்கு அப்பாற்பட்டவராக்குகிறது. தள்ளுபடியாகமத்துச் சூசன்னாள் வரலாற்றில் பழிசுமத்தியவர்கள் மூப்பர்களாகவும் நியாயாதிபதிகளாகவும் இருந்தமையால்தான் மக்கள் முதலில் அவர்களை நம்பினர். சென்னை அயனாவரத்தில் செவித்திறன் குன்றிய சிறுமிக்கு இழைக்கப்பட்ட கொடுமை 2018-இல் வெளிப்பட்டது. 2020-இல் தண்டனை பெற்ற 15 பேரில் ஐம்பதைக் கடந்தோரும் இருந்தனர். சிலவகை மூளைத் தேய்வு நோய்கள் அதுவரை நல்லொழுக்கமாய் வாழ்ந்தவரின் தன்னடக்கத்தைக்கூடக் குலைப்பதுண்டு என்பதையும் ஆயர்கள் அறிந்திருத்தல் நலம்.

விடுதலையைப் பரிசீலிக்கும் சிறைக் குழுவின் கேள்வி வேறு, குருசேகரக் குழுவின் கேள்வி வேறு. முன்னதற்கு வயது தக்க காரணமாகலாம். மனந்திரும்பியவருக்குத் திருவிருந்தை மறுக்க நமக்கு நியாயமில்லை. ஆனால் ஞாயிறு பள்ளி வகுப்பையோ, விடுதிச் சாவியையோ, பாடகர் குழுச் சிறுவரையோ ஒப்படைப்பதற்கு எந்த வயதும் தகுதியாகாது. தீங்குக்குள்ளான பிள்ளையின் குடும்பமும் அதே ஆலயத்துக்கு வருமாயின், அவர் வேறோர் ஆராதனை வேளைக்கோ வேறு சபைக்கோ செல்லுமாறு ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தக் குடும்பத்தை விலகச் சொல்லலாகாது. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவரை மட்டுமன்று, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரையும் காவல்துறைக்கு அறிவிக்கப் பணிக்கிறது. ஆயருக்கு அதில் விலக்கு இல்லை.

ஆயர்கள் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றலாகிச் செல்பவர்கள். ஆகவே, அம்முதியவருடன் செய்துகொண்ட ஏற்பாட்டை எழுத்தில் பதிந்து, அவரும் குழுவின் இருவரும் கையொப்பமிட்டு, ஒரு படியைப் பேராயருக்கு அனுப்பி, மற்றொன்றைப் பின்வரும் ஆயரிடம் நேரில் கொடுத்துவிட்டே புறப்பட வேண்டும்.