இழிவு யாருடையது என்பதைப் பிள்ளைக்குச் சொல்வோம்

பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளை, "நாம என்ன ஆளுங்கம்மா?" என்று கேட்கும் நாள் தலித் வீடுகளில் பெரும்பாலும் வந்தே தீருகிறது. "அதெல்லாம் உனக்கு எதுக்கு, படிப்பைப் பாரு" என்று நம்மில் பலர் கடந்துவிடுகிறோம். பிள்ளையைக் காக்கும் எண்ணத்தில்தான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் பிள்ளையோ, குறை தன்னிடம் இருப்பதால்தான் பெற்றோர் பேசத் தயங்குகின்றனர் என்று எண்ணிக்கொள்கிறது.

சதாராவில் பள்ளி மாணவராக இருந்த அம்பேத்கர், வகுப்பின் மூலையில் தனிக் கோணியில் அமர வேண்டியிருந்தது. பள்ளிப் பணியாளர் குழாயைத் திறந்துவிடாத நாளில் அவருக்குத் தண்ணீர் இல்லை. பள்ளி மறுத்த மதிப்பை வீடு அளித்தது. மகன் விரும்பிய நூல்களை வாங்க, தந்தை ராம்ஜி கடன் வாங்கவும் தயங்கவில்லை. 1907இல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறினார்.

நாம் செய்யக் கூடியவை என்ன? முதலில், பிள்ளை சொல்வதை இடைமறிக்காமல் கேட்க வேண்டும், நம்ப வேண்டும். "நீ என்ன செஞ்ச?" என்பது நமது முதல் கேள்வியாக இருக்கலாகாது. அடுத்து, இழிவு செய்தவரே குற்றவாளி என்றும், தீண்டாமையை அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஒழித்துள்ளது என்றும் அதன் வயதுக்கேற்ற மொழியில் விளக்க வேண்டும். அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், மீனாம்பாள் சிவராஜ் ஆகியோரின் வரலாற்றோடு, தாத்தா பாட்டியின் உழைப்பையும் திறனையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும்.

நம் நாவையும் நாம் காக்க வேண்டும். நிறத்தைச் சொல்லித் திட்டுவதும், மதிப்பெண்ணுக்காக அடிப்பதும், மகனுக்கு ஒன்று மகளுக்கு ஒன்று என்பதும் வெளியுலகம் செய்யும் வேலையை வீட்டிற்குள் நாமே செய்வதாகும்.

பள்ளியில் நேர்ந்ததை நாள், இடம், பெயருடன் எழுத்தில் புகாராகக் கொடுத்து, நகலில் ஒப்புகை பெற வேண்டும். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நமக்கு உண்டு. ஆனால் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், துன்புறுத்தல் பள்ளிக்குத் தெரிவிக்கப்பட்ட பின்னர் மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டதை நாம் மறக்க இயலாது. எனவே தனியே செல்லாமல், ஊராருடனும் இயக்கத் தோழர்களுடனும் சேர்ந்தே செல்வோம். பாதுகாப்பையும் எழுத்தில் கோருவோம்.

தலைமையாசிரியர் முன் நாற்காலியில் அமர்ந்து தனக்காகப் பேசும் தாயைக் காணும் பிள்ளைக்குத் தன்மதிப்பைத் தனியே போதிக்கத் தேவையில்லை.