கல் உடைத்தவனின் நெஞ்சும் கணினியின் கண்ணும்

யந்திரம் வருகிறது, இனி வேலை போயிற்று என்று அலறுவோர் ஒரு பக்கம். யந்திரம் வருகிறது, இனித் துன்பம் தீர்ந்தது என்று துள்ளுவோர் மறுபக்கம். இரு சாராரையும் நாம் புதுக்கோட்டைச் சீமைக்கு அழைக்கிறோம்.

கல் பேசும் சீமை அது. பாறையிலே இசைக் கல்வெட்டுப் பொறித்த குடுமியான்மலையும், பாறையைக் குடைந்து கோயில் கண்ட நார்த்தாமலையும் அங்கேதான் இருக்கின்றன. அந்தச் சீமையில் கல்லை உடைத்தே கஞ்சி குடித்த குடும்பங்கள் ஏராளம்.

1991-ல் அறிவொளி இயக்கம் அங்கே பரவியது. அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் பாடமாயிற்று. சம்மட்டி பிடித்த பெண்களின் கை, ஹாண்டில்பாரைப் பிடித்தது. 1992 அனைத்துலகப் பெண்கள் நாளன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள், கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்தபடி புதுக்கோட்டை நகருக்குள் நுழைந்தார்கள்!

சைக்கிள் அன்று புதிய கண்டுபிடிப்பா? இல்லை. ஆனால் அந்தப் பெண்களின் கைக்கு அது புதிது. தண்ணீருக்கும் வேலைக்கும் எவர் தயவுமின்றிப் போக வழி பிறந்தது. கருவி எது என்பதைவிட, அது யார் கையில் என்பதே பெரிது.

அதே சீமைக்கு வேறு யந்திரங்களும் வந்தன. பாறையைப் பெயர்க்கப் பொக்லைன். ஜல்லி உடைக்கக் கிரஷர். பலர் செய்த வேலையைச் சிலர் செய்தால் போதும் என்றாயிற்று. அந்தச் சிலருக்கோ கூலியோடு தூசியும் கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கல்தூள் நுரையீரலில் தங்கித் தழும்பாகிறது. சிலிகோசிஸ் என்பது அந்நோயின் பெயர். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. அது பிடித்த நுரையீரலைக் காசநோயும் எளிதில் பற்றும்.

இப்போது மருத்துவத்திலும் புதுமை புகுந்திருக்கிறது. கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவி. படத்தைக் கணத்தில் பார்த்து, காசநோயாக இருக்கலாம் என்று சொல்லும் கணினி. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இம்முறையைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. எக்ஸ்ரே படிக்கும் மருத்துவர் எட்டிப் பார்க்காத சிற்றூருக்கு இது வரம். நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். காசநோயைத் தேடப் பழக்கிய கணினி காசநோயைத்தானே தேடும்? படத்தில் சிலிகோசிஸும் காசநோயும் ஒன்றுபோலத் தோன்றுவதுண்டு. தேர்ந்த மருத்துவரே தடுமாறுவதுண்டு. சளிப் பரிசோதனை கிருமி உண்டா இல்லையா என்று சொல்லும். தூசியின் கதையைச் சொல்வது எது? "என்ன வேலை செய்கிறீர்? எத்தனை ஆண்டாக?" என்ற கேள்விதான்! அந்தக் கேள்வியைப் படம் கேட்காது. மனிதன்தான் கேட்க வேண்டும்.

இது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. காசநோய் என்று மட்டும் எழுதினால், குற்றம் கிருமியோடு முடிந்தது. சிலிகோசிஸ் என்று எழுதினால், தூசியை அடக்காத முதலாளி பதில் சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே அதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. ராஜஸ்தான் அரசு 2019-ல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்து, சான்று பெற்ற தொழிலாளிக்கு உதவித்தொகை தந்தது. சான்று பெறாதவன் கதி? இருமிக்கொண்டே வீட்டில் கிடக்க வேண்டியதுதான்!

தோழர்களே! யந்திரத்தை உடைக்க நாம் சொல்லவில்லை. எக்ஸ்ரே வண்டி ஊருக்கு வரும்போது, குவாரியிலும் கிரஷரிலும் உழைத்தவர்களை முதலில் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் செய்த தொழிலையும் செய்த ஆண்டுகளையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். படத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கிரஷரில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கும்படி கூட்டாகக் கேளுங்கள். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்பவன் பேச்சை நம்பாதீர்கள். அந்த நுண்தூளைத் துண்டு தடுக்காது.

1992-ல் புதுக்கோட்டைப் பெண்களுக்குச் சைக்கிளை எவரும் தானமாகத் தந்துவிடவில்லை. கற்றார்கள், கேட்டார்கள், கூடி வந்தார்கள். கணினியையும் அப்படித்தான் நம் பக்கம் திருப்ப வேண்டும்.