சூடு தெரியாத விரல்

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கார். முன்பு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வாட்ச்மேன். சின்ன வயசில் வந்த தொழுநோய் மருந்தில் குணமாகிவிட்டது. ஆனாலும் கொதிக்கிற டீ டம்ளரை வெறுங்கையால் பிடிப்பார். விரல் கொப்பளித்த பிறகுதான் அவருக்கே தெரியும். ஏன் வலிக்கவில்லை?

தொழுநோய்க் கிருமி நரம்பைக் கெடுத்துவிடும். வலியையும் சூட்டையும் சொல்லும் நரம்புகள் வளர ‘நரம்பு வளர்ச்சிக் காரணி’ என்ற புரதம் வேண்டும். இதைக் கண்டுபிடித்த ரீட்டா லெவி-மோன்டால்சினி அம்மையாரும் ஸ்டான்லி கோஹனும் 1986-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இதை எப்படி ஆராய்ந்தார்கள்? முயலுக்கு இந்தப் புரதத்தை ஊசி போட்டால் அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகும். பூட்டுக்கு ஒரே சாவி மாதிரி, அது இந்தப் புரதத்தில்தான் போய் ஒட்டும். 1960-ல் அதைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குப் போட்டார்கள். பரிவு நரம்பு செல்கள் ஏறக்குறைய எல்லாமே அழிந்துபோயின! காரணி இல்லையென்றால் அந்த நரம்பும் இல்லை என்று தெரிந்தது.

எதிர்ப்பொருளை ஒட்டவைத்து, புரதம் எவ்வளவு இருக்கிறது என்றும் அளக்கலாம். தொழுநோயாளிகளின் தோலில் இந்தக் காரணி குறைந்திருப்பதாக 1994-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

தோழிகளே, உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். சீக்கிரம் போனால் நரம்பைக் காப்பாற்றலாம்.

தாத்தாவுக்கு இப்போ நான்தான் டம்ளரைத் துணி சுற்றிக் கொடுக்கிறேன்.

– 9-ஆம் வகுப்பு மாணவி